காறல்

செத்துப்போய் இருநூறு வருஷத்தை நெருங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரன், மன்னிப்புக் கேட்பதற்காக ஜீப்பில் ஏறிக் கூமாட்டி மலைக்கு வந்தான். வந்தான் என்றால் காலை ஊன்றி நடந்து வரவில்லை. ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அடைத்து, குலுங்காமல் இருக்கக் கம்பளி சுற்றி, பின் சீட்டில் பெல்ட் போட்டுப் பதனமாகக் கொண்டுவந்தார்கள். போன ஆடியில் மாசாணியின் அம்மா மூச்சு வாங்கிக் கிடந்தபோது வனத்துறையின் இதே ஜீப்பைத்தான் கேட்டு ஆள் அனுப்பினார்கள். பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று பதில் வந்தது. பெட்டிக்கு மட்டும் எங்கிருந்து சார்ஜ் வந்ததோ!

அதைப் பார்த்ததுமே மாசாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்று குடியிருப்பில் எல்லாரும் சொல்வார்கள். இருக்கத்தானே செய்யும்? வனத்துறையில் தினக்கூலி அவள். ஈட்டிப்பள்ளத்தைச் சுற்றிப் போட்டிருக்கிற வேலியோரம் புல் செதுக்குகிற வேலை. அவள் முன்னோர் அத்தனை பேரும் புதைந்து கிடக்கிற பள்ளம் அது. வேலிக்கு வெளியே நின்று செதுக்கலாம், உள்ளே கால் வைத்தால் கேஸ்.

அம்மா சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னையப் பள்ளத்துல கொண்டுபோய் வையி" என்றாள். மாசாணி போய் வன அதிகாரி தணிகைவேல் முன்னால் நின்றாள். ரிசர்வ் காட்டுக்குள் பிணம் புதைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் அவர். கடைசியில் டீ லாரி போகிற ரோட்டோரம் வனத்துறை எல்லைக்கல்லை ஒட்டிக் குழி வெட்டினார்கள். லாரி போகும்போதெல்லாம் அம்மா மேல் புழுதி விழுகிறது. அந்தக் குழிமேட்டில் ஒரு கை மண்ணை எடுத்து மாசாணி இன்றைக்கு முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். எப்படியாவது அதைப் பள்ளத்துக்குள் சேர்த்துவிடணும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

"இன்னிக்கு மட்டும் வாயை அடக்கு புள்ள" என்றார் கோரன். அவள் தாய்மாமன், குடியிருப்புக்கு மூப்பன். "தீர்ந்ததுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாத்துக்கும் கான்கிரீட் வீடு குடுக்கறாங்க. என் கூரை ஒழுகறது உனக்குத் தெரியும்ல?"

"சொன்னா பள்ளம் போச்சு, மாமா."

"பள்ளம் எப்ப நம்ம கையில இருந்துச்சு, போறதுக்கு?"

மாசாணி முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கினாள். மாமா சொன்னது உண்மை என்பதே எரிச்சலாக இருந்தது.

விஷயம் இதுதான். செத்தவர்களைப் பேச வைக்கிற கருவி ஒன்று வந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. மறுகுரல் என்று பெயர். ஒருத்தர் வாழ்நாளில் எழுதியதை எல்லாம் உள்ளே கொட்டினால் போதும், அவர் உருவம் எதிரே வந்து நின்று அவர் மாதிரியே பேசும். பணக்காரர்கள் அப்பனோடும் ஆத்தாளோடும் பேசிக் கண்ணைக் கசக்கிக்கொள்ள வாங்கி வைத்திருந்தார்கள். சர்க்கார் அதில் வேறு ஒரு வழி கண்டுபிடித்தது. பழைய அநியாயங்களுக்கெல்லாம் அதைச் செய்தவனையே எழுப்பி மன்னிப்புக் கேட்க வைப்பது. பாதிக்கப்பட்ட சனம் 'தீர்ந்தது' என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. இதற்கென்று சமரச ஆணையம் ஒன்று, அதற்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு ஒரு மந்திரி. குறையே இல்லை.

கூமாட்டியில் எழுப்ப வேண்டியவன் காக்ஸ்வெல் துரை. ஈட்டிப்பள்ளத்தில் இருந்த, மாசாணியின் சனமான கூவர்களின் குடிசைகளை அடைமழைக் காலத்தில் காலி பண்ணச் சொன்னவன். நனைந்த கூரை பிடிக்காது என்று எண்ணெய் ஊற்றிக் கொளுத்தியவன். பிறகு பிணக்குழிகளின் மேல் தேக்கு நட்டான். நட்டது யார்? விரட்டப்பட்டவர்களையே கூலிக்குப் பிடித்து நட வைத்தான்.

பந்தலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய திரை, அதில் சென்னையிலிருந்து மந்திரி. முதலில் தணிகைவேல்தான் மைக்கைப் பிடித்தார். நல்ல கனமான குரல் அவருக்கு.

"உங்க நன்மைக்குத்தாம்மா இதெல்லாம். ஈட்டிப்பள்ளத்தை இனி நிரந்தரமா மூடறோம். உலகத்துக் கரிப்புகையையெல்லாம் அந்த மரங்கதான் இழுத்து வெச்சுக்கிட்டு இருக்கு. அதைத் தொடக்கூடாது. கீழே உங்களுக்கு ரோடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. காடு எல்லாருக்கும் பொது, இல்லியா? நாலு குடும்பத்துக்காக அதை விட்டுட முடியுமா, சொல்லுங்க?"

கோரன் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதால் மற்றவர்களும் ஆட்டினார்கள். மாசாணி ஆட்டவில்லை.

பிறகு ஆணையத்துப் பொறியாளர் ரெஜினா பெட்டியைத் திறந்தாள். ராத்திரி பூரா பயணம் பண்ணிய களைப்பு முகத்தில் தெரிந்தது. பந்தல் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு வெளிச்சம் எழும்பி, மெல்ல மெல்லத் தொப்பியும் முழங்கால் வரை பூட்சுமாகக் காக்ஸ்வெல் துரை நின்றான். கைகளைக் கட்டியிருந்தான். கண்ணில் தண்ணீர் வேறு.

"கூமாட்டி மலையின் மக்களே! நான் உங்களுக்கு இழைத்த கொடுமைகளை எண்ணி எண்ணி வருந்துகிறேன். உங்கள் இல்லங்களை எரித்தேன். உங்கள் மூத்தோரின் உறக்கத்தைக் கெடுத்தேன். என்னை மன்னித்தருளுங்கள்."

அடேயப்பா, என்ன தமிழ்! ரேடியோவில் கூட இப்படி யாரும் பேசுவதில்லை. முன்வரிசையில் இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். மாசாணியே ஒரு நிமிஷம் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டாள், அது அவளுக்கு அசிங்கமாக இருந்தது. அம்மா ரோட்டோரம் கிடக்கிறாள், இவன் அழுகிறான், இதில் இவளுக்கு என்ன இளகல்?

அவள் எழுந்து நின்றாள்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கணும்" என்றாள் ரெஜினாவைப் பார்த்து. "இந்த ஆளு எழுதி வெச்சதை எல்லாம் உள்ள போட்டுத்தானே இவனை எழுப்பினீங்க?"

"ஆமாங்க. கடிதம், டைரி எல்லாம்."

"அதுல எங்கயாவது வருத்தப்பட்டு எழுதியிருக்கானா?"

தணிகைவேல், "ஏம்மா, நீ உக்காரு. கேள்வியெல்லாம் அப்புறம்" என்றார். ரெஜினா அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்க இவங்களுக்கு உரிமை இருக்கு சார், சட்டத்துலயே இருக்கு. இல்லைங்க, எழுதலை. வருத்தம் நாங்க சேர்த்தது. எவ்வளவு சேர்க்கணும்னு ஆணையம் ஒரு அளவு குடுத்திருக்கு."

"சாம்பாருக்கு உப்புப் போடற மாதிரி" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"அந்த உப்பை எடுங்க" என்றாள் மாசாணி. "எங்களுக்கு நிஜ ஆளு வேணும்."

மந்திரி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊருக்கே நேரலை போய்க்கொண்டிருக்கிறது. மாட்டேன் என்று யார் சொல்வது? ரெஜினா பெட்டியில் எதையோ இழுத்துக் குறைத்தாள். துரையின் கண் காய்ந்தது. கட்டியிருந்த கை பிரிந்து இடுப்புக்குப் போயிற்று. முதுகு நிமிர்ந்தது.

"எதற்காக மன்னிப்பு?" என்றான். "இவர்களின் நன்மைக்காகவே இதைச் செய்தேன். கீழே இவர்களுக்குச் சாலை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, மருத்துவமனை உண்டு. காடு அனைவருக்கும் பொது. நான்கு குடும்பங்களுக்காக அதை விட்டுவிட முடியுமா?"

பின்வரிசையில் ஒரு பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது அப்படியே முன்வரிசை வரைக்கும் தொற்றிக்கொண்டு வந்தது. தணிகைவேலின் முகம் ரத்தமாகச் சிவந்தது. சிரிக்காதவர் கோரன் ஒருத்தர்தான். சற்று முன் இதே பேச்சுக்குத் தலையை ஆட்டியவர் அவர். அந்தத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார் தணிகைவேல். "ரெஜினா, பழையபடி வைங்க. மூப்பரே, நீங்க தீர்ந்ததுன்னு சொல்லிடுங்க, சாப்பாடு ஆறுது."

"இருங்க ஆபீசர்" என்றாள் மாசாணி. "மன்னிப்பு எங்க வழக்கப்படிதான் கேக்கணும்னு சட்டத்துல இருக்கா இல்லியா?"

"இருக்கு. அதுக்குத்தானே ஆட்டம் பாட்டமெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கோம்?"

"ஆட்டம் கல்யாணத்துக்குங்க. தப்புக்கு வேற வழக்கம். தப்புப் பண்ணவன் வந்து மண்ணுல உக்காருவான். இலையில காட்டுச்சேனை வைப்போம், திம்பான். தின்னுட்டுப் பேசக்கூடாது, பேசறதெல்லாம் நாங்க. நீங்க என்னடான்னா பேச மட்டுமே தெரிஞ்சவனைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க! பேசி முடிச்சு யாருக்கு மனசு ஆறுதோ, அவங்க தன் பங்குப் புளியை அவன் கையில குடுப்பாங்க. எல்லாரும் குடுத்தப்புறம்தான் தீர்ந்தது."

சேனைக்கும் புளிக்கும் என்ன சம்பந்தம் என்று தணிகைவேல் யோசிக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு நாள் அடுப்படியில் நின்றிருந்தால் யோசித்திருப்பார்.

"இவரால சாப்பிட முடியாதுங்க" என்றாள் ரெஜினா. "வெறும் வெளிச்சம்தான்."

"அப்ப அவன் நாற்காலியில இப்ப யாரு உக்காந்திருக்காங்களோ, அவங்க சாப்பிடட்டும்."

"நானா?" என்றார் தணிகைவேல். "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்? அவன் வெள்ளைக்காரன். போய்த் தொலைஞ்சுட்டான்."

"அவன் போயிட்டான், சரி. பள்ளத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?"

திரையில் மந்திரி நெளிந்தார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. "அட, சாப்பிடுங்களேன் தணிகைவேல். ஒரு கிழங்குதானே?" என்றார்.

மந்திரி சொன்ன பிறகு கிழங்கென்ன, கல்லைக் கொடுத்தாலும் தின்றுதானே ஆகணும்? தணிகைவேல் கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு சிரித்தமுகமாகத் தரையில் சம்மணம் போட்டார். ரெஜினா பெட்டிப் பக்கம் குனிந்து எதையோ மாற்றினாள்.

"என்ன போடறீங்க?"

"மன்னிப்புக் கேக்கறது யாருன்னு சார். இலையில உக்காந்தவர் பேரைத்தான் போடணும். வனத்துறை, இப்போதைய அதிகாரின்னு போட்டிருக்கேன்."

அவர் கையை வீசினார், என்னமோ போடு என்கிற மாதிரி. அந்தச் சட்டத்தை மூன்று மாதமாகக் கையில் வைத்திருந்த ஆள் ரெஜினா. அவளுக்குத் தெரியும், செத்தவன் மன்னிப்புக் கேட்டால் திருப்பிக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறவன் கேட்டால் கதை வேறு. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வழக்கத்துக்கு மட்டும் சேனையைப் புளி போடாமல், ஓடைத் தண்ணீரில் ஊறப்போடாமல், அரை வேக்காட்டில் வேக வைப்பார்கள், பந்தல் அடுப்பில் பெண்கள் அப்படித்தான் வேக வைத்துக் கொண்டுவந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாக்கும் தொண்டையும் காறும், புளி பட்டால்தான் அடங்கும். எப்படிக் காறும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாசாணி சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, வாய் நிறையப் போட்டு மென்று, "நல்லாத்தான் இருக்கு" என்று கட்டை விரலைக் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் விரல் இறங்கியது. உதட்டை நாக்கால் தடவினார். தொண்டையைச் செருமினார். இன்னொரு தரம் செருமினார். பிறகு கண் இரண்டிலும் தண்ணீர் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு தடித்துப்போய்ச் சத்தம் மட்டும் வந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டார்.

"தண்ணி குடிச்சா இன்னும் ஏறும், சாமி" என்றார் கோரன். "பேசினாலும் ஏறும். சும்மா இருங்க."

மாசாணி அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து எத்தனையோ அதிகாரிகள் முன்னால் நின்றிருக்கிறாள். அவள் பேச ஆரம்பித்ததும் குறுக்கே பேசாத அதிகாரியை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"எங்கம்மா பேரு வெள்ளச்சி. உங்களுக்குத் தெரியாது, நீங்க கேக்கலை. உங்க ரூமுக்கு வந்து நின்னேன். கையில டீ வெச்சுக்கிட்டு, சட்டத்துல இடமில்லைன்னு சொன்னீங்க. டீயைக் கீழ கூட வைக்கலை. மூச்சு வாங்குதுன்னு ஜீப் கேட்டோம். சார்ஜ் இல்லைன்னீங்க. சார்ஜ் இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் உங்க வீட்டம்மாளைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போச்சு அந்த ஜீப்பு, நான் வேலியோரம் நின்னு பார்த்தேன். வெளக்குமாத்தால அடிக்கணும்னு இருந்துச்சு. அடிக்கலை. மறுநா வந்து உங்க வேலிக்கே புல் செதுக்கினேன், கூலி வேணுமில்ல? அவ செத்தது தாங்கிக்குவேன் சார். எங்க ஆளுங்க பக்கத்துல படுக்கணும்னு கேட்டா பாருங்க, அதைக் குடுக்க முடியலையே! தொரை எரிச்சது கூரையை. நீங்க எங்கம்மாவைத் தனியாப் படுக்க வெச்சுட்டீங்க. உங்களை நான் வெறுக்கறேன். அந்த வெளிச்சத்தை இல்ல, உங்களை."

அவளுக்கு மூச்சு இரைத்தது. தணிகைவேல் வாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அந்தக் கண்ணீர் காறலால் வந்தது, மாசாணிக்கு அதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை. அவர் இன்னொரு கையை நீட்டினார். புளி.

மாசாணி இடுப்பிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு புளியை எடுத்தாள். கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இங்க இல்ல. தப்பு நடந்த இடத்துல வெச்சுத்தான் குடுக்கணும். எந்திரிங்க."

அவர் திரையைப் பார்த்தார். மந்திரி எப்போதோ எழுந்து போயிருந்தார், நாற்காலி மட்டும் தெரிந்தது. ரெஜினாவைப் பார்த்தார். "பாதியில நிறுத்தினா எதுவும் செல்லாது சார். எல்லாம் நேரலையில போயிட்டிருக்கு" என்றாள் அவள், நேரலைக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டே.

பந்தலுக்குக் கீழே இறக்கத்தில்தான் வேலி. தணிகைவேல் முன்னால் நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார். பின்னால் மாசாணி, அவள் பின்னால் குடியிருப்பே திரண்டு வந்தது. பள்ளத்துக் கதவுக்குச் சாவியென்று தனியாக ஒன்று கிடையாது. அதிகாரியின் உள்ளங்கையை வைத்தால்தான் திறக்கும். அவர் வாயைப் பிடித்திருந்த கையை எடுத்துக் கதவில் வைத்தார். எச்சில் ஈரம், முதல் தடவை திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். திறந்தது.

உள்ளே தேக்கு, வரிசை வரிசையாக. தரையில் காய்ந்த இலை. மாசாணி கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் குத்தவைத்து, இலையை விலக்கிக் கையாலேயே மண்ணைத் தோண்டினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அம்மாவை உள்ளே வைத்து மூடினாள். "வந்துட்ட" என்று மட்டும் சொன்னாள். அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். அழுதாள், சத்தமாகவே அழுதாள்.

பிறகு எழுந்து வந்து புளியை அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி சப்பினார். நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

"முடிஞ்சுதில்ல?" என்றார், கரகரவென்று. "தீர்ந்ததுன்னு சொல்லு. கேட்டைப் பூட்டணும்."

"என் பங்கு முடிஞ்சுது" என்றாள் மாசாணி. "மத்தவங்க பங்கு அவங்கவங்க கையில இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். எல்லோர் கையிலும் பந்தல் அடுப்படியிலிருந்து எடுத்துவந்த ஒரு துண்டுப் புளி இருந்தது. கைக்குழந்தை வைத்திருந்தவள் குழந்தை பங்கையும் சேர்த்து வைத்திருந்தாள். கோரன் முன்னால் வந்து தேக்கு மரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிச் சவுகரியமாக உட்கார்ந்தார்.

"எனக்குப் பேச நிறைய இருக்கு, சாமி" என்றார்.

"ரெஜினா, இதெல்லாம் என்ன? கேட்டைச் சாத்தச் சொல்லுங்க."

"சாத்த முடியாது சார்" என்றாள் ரெஜினா. "மன்னிப்பு நடக்கிற இடத்தை, அது முடியற வரைக்கும் மூடக்கூடாது. சட்டத்துல இருக்கு. உங்க பேர்லதான் நடக்குது."

"எப்ப முடியும்?"

"நான் மெல்லப் பேசற ஆளுங்க" என்றார் கோரன். "எனக்கப்புறம் இவங்க இருக்காங்க. இனி பொறக்கறதுக்கும் ஒரு பங்கு உண்டு எங்க வழக்கத்துல."

தணிகைவேல் நின்றுகொண்டே இருந்தார். யாரும் அவருக்கு நாற்காலி கொண்டுவரவில்லை. கடைசியில் இலைமேல் உட்கார்ந்தார். மேலே பந்தலில் பெட்டி தானாகப் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். காலி நாற்காலிகளைப் பார்த்துத் துரை வருந்துகிறேன், வருந்துகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

"வீடு வேண்டாமா மாமா?" என்று மாசாணி கோரன் காதோரம் கேட்டாள்.

"அவனுகளே வெச்சுக்கட்டும் போ" என்றார் அவர். பிறகு குரலைக் கனைத்துக்கொண்டு, "எங்கிருந்து ஆரம்பிக்க? தொரை வந்ததுல இருந்தா, அதுக்கு முந்தி இருந்தா?"

"முதல்ல இருந்தே சொல்லுங்க" என்றாள் மாசாணி. சொல்லிவிட்டு அடுப்புக் கூட்ட மூன்று கல் பொறுக்கப் போனாள். ராத்திரிச் சோறு இங்கேதான் ஆக்கியாகணும்.